தேடல் ஏபிஐ: ஒரு நாளைக்கு 100 தேடல் போதவில்லை, ஐந்து கணக்கு தொடங்கலாமா?

மைக்கூடு | 16 செப்டம்பர் 2025, இரவு 9.40

வணக்கம். ஒரு சிறு இணைய இதழுக்குத் தொழில்நுட்ப வேலைகளைச் சம்பளமில்லாமல் செய்து தருகிறேன். இதழின் பழைய தொகுப்பில் கதை, கட்டுரை எல்லாம் சேர்த்துச் சுமார் 3000 இருக்கும். இவற்றை வேறு தளங்கள் அப்படியே எடுத்துப் போட்டுக்கொள்கின்றன. எழுதியவர் பெயரைத் தூக்கிவிட்டு, கதாநாயகி பெயரை மட்டும் மாற்றிப் போடுகிற புண்ணியவான்களும் உண்டு. ஆசிரியர் கூகுளில் ஒவ்வொன்றாகத் தேடித் தேடி அலுத்துவிட்டார்.

அதனால் பைத்தானில் ஒரு சின்ன நிரல் எழுதினேன். ஒவ்வொரு படைப்பிலிருந்தும் இரண்டு வாக்கியங்களை எடுத்து, மேற்கோள் குறிக்குள் போட்டு, கூகுளின் கஸ்டம் சர்ச் ஏபிஐ (நிரல் நேராகத் தேடல் கேட்டு முடிவு வாங்குகிற வாசல்) வழியாகத் தேடும். எங்கள் தளம் தவிர வேறு முகவரி வந்தால் குறித்துக்கொள்ளும். நன்றாகவே வேலை செய்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு 100 தேடல்தான் இலவசம். 6000 தேடலை முடிக்க இரண்டு மாதம் ஆகும்.

கேட்க நினைப்பது மூன்று. ஐந்து ஜிமெயில் கணக்கு தொடங்கி ஐந்து கீ (ஏபிஐயைப் பயன்படுத்தத் தருகிற ரகசியக் குறியீடு) வாங்கினால் ஒரு நாளைக்கு 500 கிடைக்குமே, அது தப்பா? வருகிற முடிவுகளை (தலைப்பு, அதன் கீழே பக்கத்திலிருந்து காட்டுகிற ஓரிரு வரித் துணுக்கு, முகவரி) முழுசாக டேட்டாபேஸில் சேமித்து அடுத்த மாதம் ஒப்பிட்டுப் பார்க்கலாமா? நண்பர் ஒருவர் ஏபிஐயே வேண்டாம், தேடல் பக்கத்தை நேராக ஸ்க்ரேப் பண்ணிவிடு (நிரலால் பக்கத்தைத் திறந்து சுரண்டி எடு) என்கிறார், அது எப்படி?

டெர்மினல்_தம்பி | 16 செப்டம்பர், இரவு 10.05

ஐந்து எதற்கு ப்ரோ, இருபது தொடங்குங்கள். எல்லாக் கீயையும் ஒரு லிஸ்ட்டில் போட்டு வரிசையாகச் சுழற்றிவிட்டால் 2000 ஆயிற்று. இலவசம் என்று அவர்களே கொடுக்கிறார்கள், நாம் வாங்கிக்கொள்கிறோம், அவ்வளவுதான். டேர்ம்ஸை எல்லாம் யார் படிக்கிறார்கள்?

பழைய_சர்வர் | 16 செப்டம்பர், இரவு 11.20

நான் படித்திருக்கிறேன் தம்பி. படிக்க அரை மணி நேரம்கூட ஆகாது.

கூகுள் ஏபிஐ விதிமுறைகளின் 2ஆம் பிரிவிலேயே இருக்கிறது. எத்தனை கோரிக்கை அனுப்பலாம் என்ற வரம்பை கூகுள்தான் வைக்கும். அதைச் சுற்றிக்கொண்டு போக முயலமாட்டேன் என்று நீங்கள் ஒப்புக்கொண்டுதான் கீயை வாங்குகிறீர்கள். ஐந்து கணக்கு தொடங்குவது அதுவேதான். வேறு பெயர் வைக்க முடியாது.

யார் பார்க்கப் போகிறார்கள் என்றால், யாரும் உட்கார்ந்து பார்க்க வேண்டியதில்லை. ஒரே ஐபி, ஒரே தொலைபேசி எண், ஒரே மாதிரித் தேடல், ஒரு கீ 100ஐத் தொட்ட நொடியில் அடுத்த கீ விழித்துக்கொள்கிறது. இதைவிட வேறு என்ன தடயம் வேண்டும்? மாட்டினால் கீ மட்டும் போனால் பரவாயில்லை. அந்தக் கணக்கோடு இதழின் மின்னஞ்சல், புள்ளிவிவரம், டிரைவில் இருக்கிற பழைய இதழ்கள் எல்லாம் கட்டிக் கிடக்கும். எனக்குத் தெரிந்த ஒரு சிறு பதிப்பகம் வேறொரு சேவையில் இப்படிக் கணக்கைப் பறிகொடுத்துவிட்டு, கடிதம் மேல் கடிதம் போட்டுக்கொண்டிருந்தது.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மைக்கூடு சார், நீங்கள் கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா? 100க்கு மேல் 1000 தேடலுக்கு 5 டாலர். பில்லிங் (கட்டணம் செலுத்தும் கணக்கு) இணைத்துவிட்டால் ஒரு நாளைக்கு 10,000 வரை அனுமதி உண்டு. உங்கள் 6000 தேடலையும் காசு கொடுத்தே செய்தாலும் 30 டாலர், சுமார் 2,600 ரூபாய், ஜிஎஸ்டி தனி. அந்த இலவச 100 தினமும் கழியும் என்பதால் நாலைந்து நாளில் பிரித்து ஓட்டினால் இன்னும் குறையும். ஐந்து ஜிமெயிலுக்கு ஐந்து சிம் தேடி அலைகிற செலவு இதைவிட அதிகம்.

பில்லிங் இணைத்ததும் முதல் வேலையாக கூகுளின் கிளவுட் கன்சோல் பக்கத்தில் நாள் கோட்டாவை (ஒரு நாள் வரம்பை) நீங்களே 1500 என்று குறைத்துப் பூட்டிவிடுங்கள். நிரலில் ஒரு லூப் தப்பாக ஓடினால் ராத்திரியோடு ராத்திரியாக 10,000 போய்விடும். பட்ஜெட் எச்சரிக்கை மட்டும் போதாது. அது மெயில்தான் அனுப்பும், எதையும் நிறுத்தாது.

மைக்கூடு | 17 செப்டம்பர், காலை 7.15

2,600 ரூபாய் என்றால் ஆசிரியரிடம் கேட்டுவிடலாம். நான் மாதாமாதம் ஏதோ பெரிய தொகை வரும் என்று பயந்துகொண்டிருந்தேன். நன்றி ஐயா.

சேமிப்பது பற்றி யாராவது சொல்லுங்கள். அப்புறம் இன்னொன்று. இந்த நிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்துகிற மாதிரி திறமூலமாக, நிரல்களைப் பகிர்கிற கிட்ஹப் தளத்தில் போட ஆசை. மற்ற சிற்றிதழ்களுக்கும் உதவுமே. அவர்களுக்குக் கீ வாங்கத் தெரியாது என்பதால் என் கீயையே உள்ளே வைத்துவிடலாமா?

வடலி | 17 செப்டம்பர், காலை 8.02

ஐயோ, வேண்டாம் அண்ணா. கீயைத் திறமூலத் திட்டங்களுக்குள் வைக்கக் கூடாது என்று 4ஆம் பிரிவில் நேராகவே எழுதியிருக்கிறது. விதியை விடுங்கள், கிட்ஹப்பில் கீயைப் போட்டால் அதை மோப்பம் பிடிக்கிற தானியங்கி நிரல்கள் சில நிமிடங்களில் எடுத்துவிடும். பில்லிங் இணைத்த கீ என்றால் சொல்லவே வேண்டாம்.

கீயை நிரலுக்குள் எழுதாமல், அவரவர் கணினியில் வைக்கிற சூழல் மாறியிலிருந்து எடுக்கிற மாதிரி எழுதுங்கள். கூடவே கீ வாங்குவது எப்படி என்று ஸ்கிரீன்ஷாட்டுகளோடு ஒரு பக்கம் தமிழில் எழுதி வையுங்கள். நிரலைவிட அந்தப் பக்கம்தான் எங்கட ஆட்களுக்கு உதவும்.

"நான் ஒரு வலைத்தளம் வைக்கிறேன், எல்லாரும் வந்து அவரவர் வாக்கியத்தைப் போடட்டும், பின்னால் என் கீ ஓடும்" என்ற யோசனை அடுத்ததாக வரும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். அதுவும் அதே 4ஆம் பிரிவில் அடிபடும். ஏபிஐயை மற்றவருக்கு உள்குத்தகைக்கு விடக் கூடாது, ஏபிஐ செய்கிற அதே வேலையைச் செய்கிற ஒன்றை உருவாக்கி மூன்றாம் ஆளுக்குக் கொடுக்கக் கூடாது என்கிறார்கள். உங்கள் இதழுக்கு நீங்கள் பயன்படுத்துவது ஒன்று, ஊருக்கெல்லாம் தேடல் கடை போடுவது வேறொன்று.

டெர்மினல்_தம்பி | 17 செப்டம்பர், காலை 9.30

கணக்கு விஷயம் சரி, 30 டாலருக்காகச் சண்டை போட வேண்டாம். ஆனால் ஸ்க்ரேப்பிங்கை ஏன் எல்லாரும் பாவம் மாதிரி பேசுகிறீர்கள்? பொதுவில் கிடக்கிற பக்கம்தானே. லிங்க்டுஇன் பக்கங்களை ஸ்க்ரேப் செய்த ஹைக்யூ நிறுவனம் வழக்கில் ஜெயித்ததே, அமெரிக்க நீதிமன்றமே சொல்லிவிட்டது.

குறுக்குவிசாரணை | 17 செப்டம்பர், பகல் 12.10

அந்த வழக்கை எல்லாரும் பாதியோடு நிறுத்திவிடுகிறார்கள்.

ஹைக்யூ பக்கம் 2019இலும் 2022 ஏப்ரலிலும் மேல்முறையீட்டு நீதிமன்றம் நின்றது உண்மை. ஆனால் அது கணினி ஊடுருவல் சட்டத்தைப் பற்றிய, அதுவும் இடைக்காலத் தடை அளவிலான தீர்ப்பு. பொதுவில் திறந்து கிடக்கிற பக்கத்தைப் படிப்பது "அத்துமீறிய நுழைவு" ஆகாமல் போகலாம் என்றார்கள். அதே 2022 நவம்பரில் கீழ் நீதிமன்றம், ஹைக்யூ லிங்க்டுஇன்னின் பயனர் ஒப்பந்தத்தை மீறியது என்று சொன்னது. டிசம்பரில் சமரசமாகி, தனக்கு எதிரான தடையை ஹைக்யூ ஏற்றுக்கொண்டது. ஆக, ஊடுருவல் இல்லை என்பதால் ஒப்பந்த மீறலும் இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

மைக்கூடு இந்தியாவில் இருந்தால் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவு 43ஐயும் படித்துக்கொள்ளட்டும். கணினிக்கோ வலையமைப்புக்கோ பொறுப்பானவரின் அனுமதியில்லாமல் அதிலிருந்து தரவைப் பதிவிறக்குவது, நகலெடுப்பது, பிரித்தெடுப்பது எல்லாம் அதில் வருகிறது. நேர்மையற்ற நோக்கம் இருந்தால் 66ஆம் பிரிவுப்படி குற்றமும் ஆகலாம். தேடல் பக்கத்தை ஸ்க்ரேப் செய்தவரை இந்தப் பிரிவில் பிடிப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. பொதுவில் கிடக்கிறது, அதனால் எடுக்கலாம் என்ற வாதம் அமெரிக்காவிலிருந்து இறக்குமதியாகி இங்கே அப்படியே செல்லுபடியாகாது என்கிறேன்.

தானியங்கி நிரல்கள் எங்கே வரக் கூடாது என்று தளம் எழுதி வைக்கிற கோப்புக்கு ரோபாட்ஸ் கோப்பு என்று பெயர், கூகுளின் கோப்பைத் திறந்து பார்த்திருக்கிறீர்களா? தேடல் பாதையைத் தடுக்கிற வரி மேலேயே நிற்கிறது. இயந்திரம் படிக்கிற அறிவுறுத்தல்களை மீறித் தானியங்கி வழியில் எடுக்கக் கூடாது என்று பொது விதிமுறையிலும் இருக்கிறது. தெரியாமல் செய்தேன் என்று சொல்லவே வழியில்லை.

பழைய_சர்வர் | 17 செப்டம்பர், மாலை 6.45

சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், நடைமுறையில் ஸ்க்ரேப்பிங் ஒரு தீராத தலைவலி. இந்த ஜனவரியில் ஜாவாஸ்கிரிப்ட் இல்லாமல் கூகுள் தேடலே வராது என்று ஆக்கினார்கள். வெறும் கோரிக்கை அனுப்பிப் பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருந்த நிரல்கள் அன்றைக்கே படுத்துவிட்டன. இதோ இந்த மாதம், முகவரியில் num=100 என்று போட்டு ஒரே பக்கத்தில் நூறு முடிவு வாங்குகிற வசதியும் போய்விட்டது. தரவரிசை பார்த்துச் சொல்கிற கருவிகள் எல்லாம் பத்து மடங்கு கோரிக்கை அனுப்ப வேண்டிய நிலை. மாதாமாதம் நிரலைப் பழுது பார்க்க ஆள் வைத்திருக்கிற கம்பெனிக்கு இது சரிப்படும். ஒரு சிற்றிதழுக்கு எதற்கு?

வடலி | 17 செப்டம்பர், இரவு 8.30

சேமிப்புக் கேள்விக்கு வருவோம். மைக்கூடு அண்ணா கேட்டதில் சிக்கலானது இதுதான். வரம்பைப் பற்றியே எல்லாரும் பேசுகிறோம், ஆனால் விதிமுறைகளில் பாதி இடம் பிடிப்பது எதை வைத்துக்கொள்ளலாம் என்பதுதான்.

கூகுள் ஏபிஐ விதிமுறை 5ஆம் பிரிவு: உள்ளடக்கத்தைச் சுரண்டி எடுக்கவோ, டேட்டாபேஸ் கட்டவோ, நிரந்தர நகல் வைக்கவோ கூடாது, பதிலோடு வருகிற கேச் குறிப்பு அனுமதிக்கிற காலத்துக்கு மேல் தற்காலிக நகலாக (கேச்சில்) வைத்திருக்கவும் கூடாது. நீங்கள் சொன்ன "முழுசாகச் சேமித்து அடுத்த மாதம் ஒப்பிடுவது" அந்த வரிக்குள் நேராகப் போய் விழுகிறது.

கூகுள் மட்டும் இல்லை. மைக்ரோசாஃப்டின் பிங் ஏபிஐ இருந்தவரை அதன் பயன்பாட்டு விதிகள் இன்னும் கறாராக இருந்தன. சேமிக்கக் கூடாது, இயந்திரக் கற்றலுக்கு எடுக்கக் கூடாது. பிரேவ் என்ற தேடல் நிறுவனத்தின் ஏபிஐயில் இப்போது (2025) சேமிக்கும் உரிமையையே தனித் திட்டமாக விற்கிறார்கள், விலை சாதாரணத் திட்டத்தைவிடப் பல மடங்கு. கூகுளின் ஏஐயான ஜெமினியின் ஏபிஐயில் கூகுள் தேடலை இணைத்துப் பதில் வாங்கினால், அந்தப் பதிலைப் பயனரின் உரையாடல் வரலாற்றில் ஆறு மாதம் வரைதான் வைத்திருக்கலாம், கூடவே வருகிற தேடல் பரிந்துரைகளைக் காட்டியே ஆக வேண்டும். தேடல் நிறுவனம் விற்பது அந்த நேரத்துப் பதிலை. பதில்களின் கிடங்கை அல்ல. கிடங்கு கட்டவிட்டால் அடுத்த முறை நீங்கள் அவர்களிடம் வரமாட்டீர்களே.

மைக்கூடு | 17 செப்டம்பர், இரவு 9.10

ஆனால் தங்கச்சி, அந்தப் பிரிவின் தொடக்கத்திலேயே "உள்ளடக்கத்தின் உரிமையாளரோ சட்டமோ வெளிப்படையாக அனுமதித்தால் ஒழிய" என்று இருக்கிறதே? துணுக்கில் வருவது எங்கள் வரி. எங்கள் இதழில் வந்த வாக்கியம், உரிமை எங்கள் எழுத்தாளரிடம். திருடியவன் பக்கத்திலிருந்து கூகுள் எடுத்துக் காட்டினால் மட்டும் அது கூகுளுடையது ஆகிவிடுமா? எங்கள் பொருளை நாங்கள் எடுத்து வைக்க யாரிடம் அனுமதி கேட்பது?

வடலி | 17 செப்டம்பர், இரவு 9.25

இது நல்ல கேள்வி. நான் யோசிக்காத கோணம்.

குறுக்குவிசாரணை | 17 செப்டம்பர், இரவு 10.50

கெட்டிக்கார வாதம், ஆனால் பாதி தூரம்தான் போகும். அந்த ஒரு வாக்கியம் உங்களுடையது, சரி. அதைச் சுற்றி வருகிற தலைப்பு திருடியவரின் தளத்தினுடையது, முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு வருகிற சொற்கள் வேறு யாருடையதோ, எந்த முகவரி முதலில் எது இரண்டாவதில் என்ற வரிசை கூகுள் செய்தது. நீங்கள் சேமிக்கப்போவது ஒரு வாக்கியத்தை அல்ல, 6000 தேடலுக்கு வந்த பதில் பொட்டலங்களை. அதில் உங்கள் பங்கு கொஞ்சம்தான்.

என் கேள்வி வேறு. அந்தத் துணுக்குகள் உங்களுக்கு எதற்கு? கூகுளிடம் பதிப்புரிமைப் புகார் கொடுக்கும்போது அவர்கள் கேட்பது மூலப் படைப்பின் முகவரியும் நகலின் முகவரியும். துணுக்கை யாரும் கேட்பதில்லை. நாளைக்கே வழக்கு என்று வந்தாலும் தேடல் முடிவின் துணுக்கு சாட்சியாக நிற்காது, திருடியவரின் பக்கம்தான் நிற்கும். அவர் பக்கத்தை நீக்கிவிட்டால் உங்கள் கையில் கூகுள் துணுக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வீர்கள்?

எனவே இப்படிச் செய்யலாம். நிரல் ஒரு முகவரியைக் காட்டுகிறது. ஒரு ஆள் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்கிறார். நகல்தான் என்றால் அந்தப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, இணையப் பக்கங்களின் பழைய நகல்களைக் காக்கிற இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் "இப்போது சேமி" பெட்டியில் முகவரியைக் கொடுத்துப் பதிவு செய்கிறார். தேதியோடு மூன்றாம் தரப்புச் சாட்சி கிடைத்தது. பிறகு இதழின் விரிதாளில் தன் கையால் எழுதுகிறார்: இந்தக் கதை, இந்தப் பக்கம், இந்தத் தேதியில் பார்த்தேன், பெயர் இல்லை. அது உங்கள் ஆய்வுக் குறிப்பு. ஏபிஐ அனுப்பிய பதிலை வேலை முடிந்ததும் அழித்துவிடலாம்.

டெர்மினல்_தம்பி | 17 செப்டம்பர், இரவு 11.15

அட, முகவரியும் தேடல் முடிவில் வந்ததுதானே? அதை விரிதாளில் எழுதினால் மட்டும் விதிமீறல் இல்லையா? கையால் எழுதினால் புனிதமாகிவிடுமா?

குறுக்குவிசாரணை | 18 செப்டம்பர், காலை 6.30

முகவரி அந்தத் தளத்தின் முகவரி, கூகுள் உருவாக்கியது அல்ல. நீங்கள் போய்ப் பார்த்து உறுதி செய்த பிறகு அது நீங்கள் நேரில் கண்ட செய்தி. 6000 தேடலிலிருந்து வந்த 40,000 முகவரிகளைப் பார்க்காமலேயே கொட்டி வைத்தால் அது தேடல் முடிவுகளின் டேட்டாபேஸ். இடையில் கோடு எங்கே என்று கேட்டால் செண்டிமீட்டர் கணக்கில் காட்ட முடியாது. ஆனால் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்று நமக்கே தெரியும்.

டெர்மினல்_தம்பி | 18 செப்டம்பர், காலை 9.00

எனக்கு இன்னும் முழு சம்மதம் இல்லை. இருந்தாலும் வேபேக் யோசனை சூப்பர்.

சொக்கட்டான் | 18 செப்டம்பர், பகல் 1.05

நடுவில் நுழைகிறேன், மன்னிக்கவும். நானும் இதே மாதிரி ஒன்று செய்திருக்கிறேன், விதிமுறை பற்றி அல்ல, தேடலை வீணாக்காமல் இருப்பது பற்றிச் சில வார்த்தை.

எந்த வாக்கியத்தை எடுக்கிறீர்கள் என்பதில்தான் பாதி காசு இருக்கிறது. உரையாடல் வரியை எடுக்காதீர்கள். "என்னப்பா, சாப்பிட்டியா?" என்று தேடினால் ஊர்ப்பட்ட பக்கம் வரும். பழமொழி, குறள், திரைப்பாட்டு வரி எல்லாம் கழித்துவிடுங்கள். ஆள் பெயர் இருக்கிற வாக்கியமும் வேண்டாம், திருடுகிறவர்கள் முதலில் மாற்றுவது அதைத்தான். வருணனை வரியாக எட்டுப் பத்துச் சொல் இருந்தால் போதும். ரொம்ப நீளமாகவும் போகாதீர்கள். ஒரு தமிழ்க் குறியீடு யுடிஎஃப்-8இல் மூன்று பைட், முகவரியில் சதவீதக் குறியோடு விரியும்போது ஒன்பது எழுத்து ஆகி முகவரி நீண்டுவிடும்.

அப்புறம் யூனிகோடு. "கொ" என்பதில் வருகிற கொம்பும் காலும் ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ஒற்றைக்கொம்பு தனி, கால் தனி என்று இரண்டாகவும் இருக்கலாம். கண்ணுக்கு ஒன்றுதான், நிரலுக்கு வேறு வேறு. பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய படைப்புகளில் இது நிறைய இருக்கும், துணைக்கால் இடத்தில் "ர" வந்து உட்கார்ந்திருப்பதும் உண்டு. அனுப்புமுன் பைத்தானின் யூனிகோடுடேட்டா தொகுப்பால் என்எஃப்சி என்ற ஒரே வடிவத்துக்கு ஆக்கிவிடுங்கள், திரும்பி வருவதையும் அப்படியே ஆக்கி ஒப்பிடுங்கள். இதைச் செய்யாமல், நகலே இல்லை என்று சந்தோஷப்பட்டவர்கள் உண்டு.

இன்னொன்று: கூகுளின் நாள் கோட்டா பசிபிக் நேர நள்ளிரவில் புதுப்பிக்கும். இப்போது நமக்குப் பகல் 12.30. நவம்பரில் அவர்கள் கடிகாரத்தைத் திருப்பியதும் 1.30. நிரல் நம் நள்ளிரவுக்குத் தானாக ஓடுகிற மாதிரி (க்ரான் வேலை) வைத்துவிட்டு, 429 (வரம்பு தாண்டியது என்ற பிழை எண்) வருகிறதே என்று குழம்ப வேண்டாம். 429 வந்தால் உடனே மறுபடி அடிக்காமல் காத்திருப்பை இரண்டிரண்டு மடங்காக நீட்டுகிற மாதிரி எழுதுங்கள்.

நெறியாளர் | 18 செப்டம்பர், பகல் 2.00

நல்ல இழை. மாற்று ஏபிஐகள் பற்றியும் யாராவது எழுதினால் இழையை மேலே ஒட்டி வைக்கிறேன். கள்ளக் கீ விற்பவரின் பதிவு ஒன்றை நீக்கியிருக்கிறேன்.

பழைய_சர்வர் | 18 செப்டம்பர், இரவு 10.15

மாற்று பற்றிப் பேசுமுன் ஒரு பழங்கதை. எந்த ஏபிஐயையும் நம்பி நிரலை இறுகக் கட்டாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

கூகுள் முதல் தேடல் ஏபிஐயை 2002 ஏப்ரலில் கொடுத்தது. ஒரு நாளைக்கு 1000 தேடல் இலவசம், சொந்தப் பயன்பாட்டுக்கு மட்டும். 2006 டிசம்பரில் புதுக் கீ தருவதை நிறுத்தினார்கள், 2009 செப்டம்பரில் சேவையையே மூடினார்கள். இடையில் வந்த கூகுளின் அஜாக்ஸ் தேடல் ஏபிஐ 2010 நவம்பரில் ஓய்வுப் பட்டியலுக்குப் போனது. யாஹூவின் தேடல் ஏபிஐயான பாஸ் 2008 ஜூலையில் வந்தபோது எங்களுக்கெல்லாம் தீபாவளி. வரம்பே இல்லை, முடிவுகளின் வரிசையை மாற்றலாம், நம் சொந்தப் பெயரில் காட்டலாம். 2011இல் காசு கேட்டார்கள், 2016 மார்ச்சோடு கடையைச் சாத்தினார்கள். 2015 ஆகஸ்டில் கூகுள் தன் ஆட்டோகம்ப்ளீட்டை (தட்டும்போதே வருகிற பரிந்துரைகளை) வெளியார் எடுப்பதைத் தடுத்தது. அது அதிகாரபூர்வமாக யாருக்கும் தரப்படாத ஏபிஐ, ஆனால் நூற்றுக்கணக்கில் கருவிகள் அதன் மேல் நின்றுகொண்டிருந்தன.

பிங் கதை புதுசு. 2023 மே மாதம் விலையை ஏற்றினார்கள், 1000 தேடலுக்கு 7 டாலராக இருந்த திட்டம் 25 ஆனது. அதற்கு இரண்டு மாதம் முன்பே, பிங் தரவை வைத்துச் சொந்த அரட்டைக் கருவி செய்தால் இணைப்பைத் துண்டிப்போம் என்று மைக்ரோசாஃப்ட் சில போட்டித் தேடல் நிறுவனங்களிடம் சொன்னதாக ப்ளூம்பெர்க் எழுதியது. 2025 ஆகஸ்ட் 11ஆம் தேதியோடு பிங் ஏபிஐயே இல்லை. மாற்றாகக் காட்டுவது மைக்ரோசாஃப்டின் அஷூர் சேவையில் ஏஐ முகவர்களுக்குள் மட்டும் ஓடுகிற ஒன்று, அறிவித்த விலை 1000க்கு 35 டாலர், அதிலும் மூல முடிவுகள் உங்கள் நிரலின் கைக்கு வராது.

2024 மே 23 நினைவிருக்கிறதா? பிங் படுத்ததும் அதன் முடிவுகளை நம்பியிருந்த டக்டக்கோ, ஈகோசியா தேடல் தளங்களும் சேர்ந்து படுத்தன. தேடல் பெட்டிகள் நிறைய, கிணறு ஒன்றிரண்டுதான்.

நிரலில் தேடுகிற பகுதியைத் தனிக் கோப்பாக வைத்து, "வாக்கியம் கொடு, முகவரிகள் வரும்" என்ற ஒரே வாசலை வையுங்கள். நாளைக்கு உள்ளே கூகுள் போய் வேறொன்று வந்தாலும் மற்றது ஆடாது.

வடலி | 19 செப்டம்பர், காலை 7.50

மாற்றுகள் பற்றி எனக்குத் தெரிந்தவரை.

பிரேவ்: சொந்த இன்டெக்ஸ் (தேடுவதற்காகத் தானே திரட்டிய பக்கங்களின் அட்டவணை). இப்போதைக்கு (செப்டம்பர் 2025) மாதம் 2000 தேடல் இலவசத் திட்டம் உண்டு, நொடிக்கு ஒன்று, ஆனால் அட்டை எண் கொடுக்க வேண்டும். பழைய தமிழ் வலைப்பூக்கள் அதில் குறைவாகவே சிக்குகின்றன. செய்தித் தளங்களுக்குப் பரவாயில்லை.

மோஜீக்: இங்கிலாந்து, இதுவும் சொந்த இன்டெக்ஸ். தமிழுக்கு எதிர்பார்ப்பு வேண்டாம்.

டக்டக்கோவின் அதிகாரபூர்வ ஏபிஐ உடனடிப் பதில்களை மட்டும்தான் தரும், முழு முடிவுகளை மறுவிநியோகம் செய்ய அவர்களுக்கே உரிமை இல்லை. அந்தப் பெயரில் பைத்தானில் கிடைக்கிற நூலகம் அவர்கள் வெளியிட்டதல்ல, உள்ளே நடப்பது ஸ்க்ரேப்பிங். இது தெரியாமலேயே நிறைய ஏஐ பயிற்சிப் பாடங்களில் அதைத்தான் போட்டுக் காட்டுகிறார்கள். பல தேடல் தளங்களில் ஒருசேரத் தேடுகிற சியர்எக்ஸ்என்ஜி என்ற திறமூல நிரலை நம் சர்வரில் நிறுவினாலும் கதை அதேதான்.

விக்கிப்பீடியா போன்ற ஒரு தளத்துக்குள் மட்டும் தேட வேண்டுமென்றால் மீடியாவிக்கி ஏபிஐ இருக்கிறது. கீயே வேண்டாம், ஆனால் கோரிக்கையோடு போகிற யூசர் ஏஜென்ட் என்ற அடையாள வரியில் உங்கள் கருவியின் பெயரும் தொடர்பு வழியும் வைக்கச் சொல்கிறார்கள். அதை வைக்காமல் தடை வாங்கிவிட்டு விக்கியைத் திட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பணம் கொடுத்தால் கூகுள் முடிவுகளை ஸ்க்ரேப் செய்து நிரல் படிக்கிற தரவாகத் தருகிற கம்பெனிகள் பற்றி யாராவது கேட்பீர்கள். அவர்கள் தருவதும் ஏபிஐதான், விதிமுறையும் இருக்கும், ஆனால் அந்த விதிமுறை அவர்களோடு நீங்கள் போடுவது. கூகுள் அதில் கையெழுத்துப் போடவில்லை.

மைக்கூடு | 28 செப்டம்பர், இரவு 8.20

முடித்துவிட்டேன். பில்லிங் இணைத்து, நாள் கோட்டாவை 1500 என்று பூட்டி ஓட்டினேன். ஆசிரியர் கேட்ட முதல் கேள்வி "இவ்வளவுதானா?" என்பது.

என்எஃப்சி ஆக்கியதும் முன்பு கிடைக்காத நகல்கள் நிறைய வந்தன, சொக்கட்டானுக்குத் தனி நன்றி. துணுக்குகளைச் சேமிக்கிற அட்டவணையையே தூக்கிவிட்டேன். இரண்டு தன்னார்வலர்கள் முகவரிகளைத் திறந்து பார்த்து வேபேக்கில் போடுகிறார்கள். ஒரு சங்கடம்: சில "நகல்கள்" எங்கள் எழுத்தாளர்களே தங்கள் வலைப்பூவில் போட்டுக்கொண்டது. கை வைக்குமுன் பார்த்தது நல்லதாயிற்று.

குறுக்குவிசாரணை | 21 டிசம்பர் 2025, காலை 10.40

இழையை மேலே தள்ளுகிறேன். கூகுள் முடிவுகளை ஸ்க்ரேப் செய்து விற்கிற கம்பெனிகள் பற்றி வடலி கடைசியாகச் சொன்ன விஷயத்தில் செய்தி வந்திருக்கிறது. அக்டோபரில் ரெடிட், செர்ப்ஏபிஐ, ஆக்ஸிலேப்ஸ் உள்ளிட்ட ஸ்க்ரேப்பிங் நிறுவனங்கள் மீதும் ஏஐ தேடல் நிறுவனமான பெர்ப்ளெக்ஸிட்டி மீதும் வழக்குப் போட்டது. தன் தளத்துக்குள் நுழைய முடியாதபோது கூகுள் முடிவுகள் வழியாகத் தன் உள்ளடக்கத்தை எடுத்தார்கள் என்பது புகார். இப்போது 19ஆம் தேதி கூகுளே செர்ப்ஏபிஐ மீது வழக்குப் போட்டிருக்கிறது. இது ஹைக்யூ மாதிரி ஊடுருவல் சட்டத்தில் இல்லை, பதிப்புரிமைப் பாதுகாப்பை உடைத்ததாக அமெரிக்காவின் டிஎம்சிஏ என்ற பதிப்புரிமைச் சட்டத்தில். யார் ஜெயிப்பார்கள் என்று இப்போது சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சேவைகளை நம்பிப் பொருள் கட்டியிருப்பவர்கள் மாற்று வழியை இப்போதே தேடி வைக்கட்டும்.

டெர்மினல்_தம்பி | 21 டிசம்பர், பகல் 11.30

நான் ஏற்கெனவே பிரேவுக்கு மாறிவிட்டேன். கேலி செய்யாதீர்கள்.

பழைய_சர்வர் | பிப்ரவரி 2026

கேலி இல்லை தம்பி, நல்ல நேரத்தில் மாறினாய். கஸ்டம் சர்ச் ஏபிஐயில் புதியவர்களை இனிச் சேர்ப்பதில்லை என்று கூகுள் அறிவித்துவிட்டது. ஏற்கெனவே வைத்திருப்பவர்களுக்கு 2027 ஜனவரி 1 வரை. அதன் பிறகு ஐம்பது தளங்கள் வரை தேடுவதற்கு கூகுளின் வேறொரு சேவையான வெர்டெக்ஸ் ஏஐ சர்ச்சைக் கைகாட்டுகிறார்கள். முழு வலையும் வேண்டுமென்றால் விண்ணப்பித்துக் கேட்க வேண்டும்.

மைக்கூடு சார், உங்கள் கீ பழையது என்பதால் இந்த ஆண்டு ஓடும். ஆண்டு முடிவதற்குள் முழுத் தொகுப்பையும் இன்னொரு முறை ஓட்டிவிடுங்கள்.

மைக்கூடு | பிப்ரவரி 2026

பார்த்தேன் ஐயா. கிட்ஹப் பக்கத்தில் கீ வாங்குவது எப்படி என்று எழுதிய அந்தத் தமிழ்ப் பக்கத்தைத்தான் இப்போது மாற்ற வேண்டும். தேடும் பகுதி தனிக் கோப்பில் இருப்பதால் பிரேவுக்கு ஒரு வாசல் எழுதிச் சேர்த்துவிட்டேன். பழைய வலைப்பூக்கள் அதில் சிக்கவில்லை என்று வடலி சொன்னது சரிதான். நகல் பிடிப்பது பாதியாகக் குறைகிறது. தமிழை நன்றாக இன்டெக்ஸ் செய்கிற, சேமிக்கவும் அனுமதிக்கிற வேறு ஏபிஐ யாருக்காவது தெரிந்தால் இங்கேயே எழுதுங்கள்.